பூரணி குடித்த கிணறுகள்

என் மனைவி பூரணிக்கு நான் போடும் தேத்தண்ணீர் பிடிக்காது. கலியாணம் முடித்த மூன்றாம் நாளே அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் ஸ்ரோர்கீப்பராக இருந்தவன். அங்கே கன்ரீனில் காலையில் கேத்திலுக்குள் போட்ட தூள் பின்னேரம் வரைக்கும் கொதித்துக்கொண்டே கிடக்கும். அதற்குள் ரின்பாலைக் கவிழ்த்துக் கலக்கித் தருவார்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்குகிற அந்தச் சாமானைத்தான் நான் அதுவரைக்கும் தேத்தண்ணீர் என்று நம்பியிருந்தேன். அதே மாதிரி ஒன்றைப் போட்டுப் புதுப் பெண்டாட்டிக்கு ஆசையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். "இது தேத்தண்ணி இல்ல, பாயசம்" என்று கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இருபத்தைந்து வருடமாக அவளுடைய நாக்கைப் பற்றி நான் ஊரெல்லாம் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்தேன். அந்த நாக்குத்தான் தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டில் நாற்பத்திரண்டு குடும்பங்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதைப் பகிடி பண்ணின வாயாலேயே இதையும் சொல்லவேண்டியது என் கடமை.

பூரணி அரசாங்க மருத்துவிச்சி. சனம் 'மிசி' என்று கூப்பிடும். சாம்பல்தீவுக்கு அங்கால், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த மருதடிக்குறிச்சிதான் அவளுடைய முக்கியமான இடம். சைக்கிளில் போய் வீடு வீடாகப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பாள், பிறந்த குழந்தைகளைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த மிசிக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்தக் குறிச்சியில் இல்லை. குடிக்காமல் வந்தால் கோபித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் குடித்துவிட்டுத் தங்கள் வீட்டில் குடிக்காமல் போனாள் என்று தெரிந்தால் அந்தக் கோபம் அடுத்த பிள்ளை பிறக்கும்வரை தீராது. ஆகவே ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை, பன்னிரண்டு கோப்பை என்று குடித்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் எனக்கு விமர்சனம் செய்வாள்.

நல்லது கிடைத்த நாளில் அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். அடுத்த முஸ்லிம் குறிச்சியில் றுக்கியா என்று ஒருத்தி, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டு ஒரு பால் தேத்தண்ணீர் தருவாளாம். அந்த வீட்டுக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேரும்படிதான் பூரணி தன் வேலையையே ஒழுங்குபண்ணி வைத்திருந்தாள். அரசாங்கத்துக்கு இது தெரியாது.

எந்தத் தேயிலையையும் அவள் குறைவாகச் சொன்னதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். நுவரெலியாப் பக்கத்து இலை என்றால் பால் விடக்கூடாது, வெளிறிய நிறத்தில் அப்படியே குடிக்கவேண்டும். காலி, மாத்தறைப் பக்கத்துக் கறுத்த இலைதான் பாலுக்குப் பொருத்தம். தூள் என்றால் மூன்று நிமிடம், இலை என்றால் ஐந்து. நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தில் தேயிலைக்கும் நிமிடம் பார்ப்பாள். தண்ணீர் அப்போதுதான் அள்ளியதாக இருக்கவேண்டும். ஒருமுறை கொதித்து ஆறியதைத் திரும்ப அடுப்பில் ஏற்றினால் அது செத்த தண்ணீர். குமிழி பெரிதாக உருண்டு வரும்போது இறக்கி, இலையின்மேல் ஊற்றி மூடிவிடவேண்டும். இஞ்சி போடுவதென்றால் தண்ணீரோடு கொதிக்கவிடவேண்டும், இலையோடு அல்ல. வடித்த பிறகு வடியைப் பிழியக்கூடாது, பிழிந்தால் கயர் முழுவதும் கோப்பைக்குள் இறங்கிவிடும். பால்மாவைக் கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் சாயத்தில் சேர்க்கவேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்குத் தேத்தண்ணீர் ஆசையே விட்டுப்போய்விடும்.

இந்தக் கெட்டித்தனத்தோடுதான் அவள் ஒருநாள் நன்றாக மாட்டுப்பட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். மருதடிக்குறிச்சியில் றோட்டோரம் இராசமலர் என்று ஒரு பிள்ளைத்தாச்சி. அவள் கொண்டுவந்து கொடுத்த வெறுந்தேத்தண்ணீர் மை போலக் கறுத்துக் கிடந்தது. பூரணி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இலையை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் இப்படித்தான் வரும் என்று, மாமியும் அயலவரும் கேட்க ஒரு பாடமே நடத்திவிட்டாள். இராசமலர் எழும்பினாள். நிறை வயிற்றோடு மணலுக்குள்ளால் நடந்துபோய் மருதமரத்தடியில் எல்சி என்பவளுடைய வளவுக் கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். அதே தேயிலை, அதே கேத்தில், பூரணியின் கண்ணுக்கு முன்னாலேயே போட்டாள். வந்தது செக்கச்செவேலென்ற தேத்தண்ணீர்.

"இப்ப சொல்லுங்கோ மிசி. என்ட கையிலயோ பிழை, கிணத்திலயோ பிழை?"

பூரணி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. வெட்கத்தில் ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவும் இல்லை. பிறகு போனபோது தன்னுடைய பையில் ஒரு தேயிலைப் பேணி கொண்டுபோனாள். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் தன்னுடைய இலையைத்தான் போடச் சொல்வாள். முதலில் சனத்துக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தேயிலை மிசிக்கு ஆகாதோ என்று கேட்டார்கள். அவள் விளக்கம் சொன்னாள். எல்லா வீட்டிலும் ஒரே இலையாக இருந்தால், கோப்பையில் தெரிகிற வித்தியாசம் தண்ணீருடைய வித்தியாசம். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தாய்மாருக்குச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. இப்படி இருபது வருடம் அந்தக் குறிச்சியின் நாற்பது கிணறுகளையும் குடித்துவைத்தாள். ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. எல்லாம் நாக்கில்தான் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது குறிச்சி முழுவதும் ஓடியது. கொஞ்சப்பேர் இந்தியாவுக்குப் போனார்கள். மிச்சம் நாற்பத்திரண்டு குடும்பங்கள் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதி முகாமாகக் கிடந்தன. ஒரு வகுப்பறைக்கு நாலு குடும்பம், சேலையைக் கட்டி மறைத்த சுவர். மூன்று வருடத்தில் அந்த முகாமில் பதினேழு குழந்தைகளைப் பூரணி கையில் ஏந்தினாள். ஒவ்வொரு தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். எங்களை எப்ப மிசி ஊருக்கு விடுவினம்?

தொண்ணூற்றிமூன்றில் விடுகிறோம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. குடிதண்ணீர் இருக்கவேண்டும். பழைய கிணறுகள் பாழடைந்து கிடந்தன, அவற்றுக்குள் என்ன விழுந்து கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒரேயொரு குழாய்க் கிணறு போட்டுத்தர முன்வந்தது. துளைக்கிற இயந்திரத்தை உள்ளே கொண்டுபோக ஆமி ஒரு நாளைக்கு மட்டும் பாஸ் கொடுத்தது, வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிவரை. நல்ல தண்ணீர் வந்தால் வீடு திரும்பலாம். வராவிட்டால் அந்தச் சனத்தை உள்ளுக்குள் எங்கேயோ ஒரு காட்டுக் காணியில் குடியேற்றிவிட்டு மருதடிக்குறிச்சியின் பெயரை வெட்டிவிடுவார்கள். கடலை நம்பிப் பிழைத்த சனத்துக்குக் காட்டில் என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை முகாமில் கூட்டம் வைத்தார்கள். அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் தவராசா வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரன். படத்தை விரித்து, றோட்டோரம் வின்சன்ட் என்பவருடைய வளவுக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டினார். அங்கே தண்ணீர் நிறைய இருப்பதாகக் கருவி சொல்கிறது, லொறியும் றோட்டிலேயே நிற்கலாம். எல்லாருக்கும் சந்தோசம். வின்சன்டுக்கு இரட்டிப்புச் சந்தோசம், கிணறு அவர் வாசலில் அல்லவா வரப்போகிறது.

பூரணி எழும்பினாள். நான் பின்வரிசை வாங்கிலில் இருந்தபடி, இரு இரு என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வரிசையில் தான் எட்டு வீட்டில் தேத்தண்ணீர் குடித்ததாகவும், எட்டிலும் கறுத்ததாகவும், அங்கே வருகிற தண்ணீரில் இரும்பு இருக்கிறது, சனம் அதைக் குடிக்காது என்றும் சொன்னாள். தோண்டுவதென்றால் உள்ளே மருதமரத்தடியில் எல்சி வளவில் தோண்டவேண்டுமாம். கூட்டம் சிரித்தது. தவராசா மரியாதையான பிள்ளை, சிரிக்கவில்லை. தண்ணீரைக் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க மூன்று கிழமை செல்லும், இயந்திரம் நாளைமறுநாள் வருகிறது, தேத்தண்ணீரை வைத்துக் கிணறு தோண்டினால் தன்னை வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்றார்.

"நாளைக்குக் காலமை ஒருக்கா வாங்கோ தம்பி. மூண்டு கோப்பை குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றாள் பூரணி.

புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். ஆமியின் காவல் சென்றியில் பூரணியின் அரசாங்க அட்டையைப் பார்த்து உள்ளே விட ஒத்துக்கொண்டார்கள், பையையும் திறந்து பார்த்தார்கள். கேத்தில், மூன்று வெள்ளைக் கோப்பை, பால்மா, தேயிலைப் பேணி. இதெல்லாம் எதற்கு என்று ஆமிக்காரன் கேட்டான். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் இதை எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது? அவன் பேணியைத் திறந்து மணந்து பார்த்தான். தன்னுடைய ஊர்ப் பக்கத்து இலை, ஊவா என்று சொன்னான். பிறகு ஒன்றும் கேட்காமல் மூடித் தந்துவிட்டான்.

மூன்று கிணற்றில் அள்ளினோம். றோட்டோரம் வின்சன்ட் வளவு, நடுவில் பிள்ளையார் கோயில், உள்ளே எல்சி வளவு. வாளியில் கல்லைக் கட்டித் தாழ்த்தி அடித்தண்ணீராக எடுத்து, நாலு மடிப்புத் துணியில் வடித்தோம். பன்னாடையும் பாளையும் பொறுக்கி எரித்து ஒவ்வொன்றையும் நன்றாகக் கொதிக்கவைத்தாள். ஒரே கரண்டி, ஒரே இலை, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். தவராசா வந்தபோது மூன்று கோப்பையும் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. எது எந்தக் கிணறு என்று அவள் சொல்லவில்லை.

அவர் மூன்றையும் குடித்தார். பிறகு எந்த யோசனையும் இல்லாமல் கறுத்த கோப்பையைத் தூக்கி, இதுதான் சாயம் பிடித்த நல்ல தேத்தண்ணீர் என்றார்.

நான் பூரணியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் விசயம் விளங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை. அங்கே தேத்தண்ணீர் கறுத்து, மேலே ஆடை படர்ந்துதான் இருக்கும். அம்மா போட்டுத் தந்த தேத்தண்ணீரே அப்படித்தான். மங்கலாக இருந்தால்தான் அவருக்கு அது தேத்தண்ணீர்! சிவந்து தெளிந்து இருந்த எல்சி வளவுக் கோப்பையை அவர் சாயம் காணாது என்று தள்ளி வைத்துவிட்டார். நான் கேத்திலைக் கட்டத் தொடங்கினேன்.

பூரணி அசையவில்லை. பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்தாள். மூன்று கோப்பைக்கும் ஒவ்வொரு கரண்டி விட்டுக் கலக்கினாள். எல்சி வளவுக் கோப்பை பொன் நிறமாக எழும்பி வந்தது. கோயில் கிணற்றுக் கோப்பை கொஞ்சம் மங்கல். வின்சன்ட் வளவுக் கோப்பை பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரிச் சாம்பல் நிறமாகப் போனது. பால் விட்ட தேத்தண்ணீர் அந்த நிறத்துக்குப் போவதை நானும் அன்றைக்குத்தான் கண்டேன்.

"உங்கட ஊர்த் தண்ணிக்கும் ஆடை வரும், ஆனால் பால் விட்டால் இப்பிடி வராது. இது சுண்ணாம்பு இல்ல தம்பி, இரும்பு. முகாமில பதினேழு பிள்ளையள் இருக்குதுகள். இந்தத் தண்ணியில அதுகளுக்குப் பால்மா கரைச்சுக் குடுப்பியளோ?"

தவராசா அந்தக் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்தண்ணீர் வேறு, தொண்ணூறு அடிக்குக் கீழே வருகிற தண்ணீர் வேறாக இருக்கலாம் என்றார். ஓம், இருக்கலாம் என்று பூரணியும் ஒத்துக்கொண்டாள். இரண்டிடத்திலும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது, மேலே நல்லதாக இருக்கிற பக்கமாவது தோண்டலாம்தானே என்றாள். பிழைத்தால் பழியைத் தன்மேல் போடச் சொன்னாள். அவர் படத்தை எடுத்து, சிவப்புப் புள்ளியை வெட்டி, மருதமரத்தடியில் புதிதாக ஒன்று வைத்தார். அந்தப் பிள்ளையை எனக்கு அந்த நேரம் மிகவும் பிடித்துப்போனது.

அடுத்த பிரச்சினை லொறி. எல்சி வளவுக்குப் போக இருநூறு யார் தூரம் வெறும் மணல். வியாழக்கிழமை காலை முகாமிலிருந்து வந்த ஆண்கள் அத்தனை பேரும் விழுந்து கிடந்த பனங்குற்றிகளை இழுத்துவந்து மணலில் அடுக்கினார்கள். தனக்கு வாசல் கிணறு போனதே என்று முதல்நாள் முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டிருந்த வின்சன்டும் தோள் கொடுத்தார். லொறி ஒரு முழம் ஏறும், ஒரு சாண் புதையும். போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

துளைக்கத் தொடங்கினார்கள். அறுபது அடியில் தண்ணீர் இல்லை. எண்பதில் வெறும் கல்மா. மணி இரண்டு. நாற்பத்திரண்டு குடும்பமும் மருதமரத்தடியில் குந்திக்கொண்டிருந்தது. எல்லாரும் பூரணியைத்தான் பார்த்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குப் பயமாக் கிடக்குதப்பா. பிழைச்சுதெண்டால் இந்தச் சனத்தின்ட முகத்தில முழிக்க ஏலாது."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் அவளுடைய கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

நூற்றிப் பத்து அடியில், மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருக்க, தண்ணீர் பீறிட்டது. முதலில் சேறு. பிறகு பால் போல. பிறகு தெளிந்தது. சனம் எழும்பி ஓடிவரப் பார்த்தது, பூரணி கையைக் காட்டி நிற்பாட்டினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் கேத்திலைப் பிடித்தாள். அடுப்பு மூட்டினது எல்சி. குமிழி உருண்டது, இலையில் ஊற்றினாள், மூடினாள். அந்த ஐந்து நிமிடத்தை விட நீளமான ஐந்து நிமிடம் என் சீவியத்தில் இல்லை. பாஸ் முடிய இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது.

வடித்தாள். செக்கச்செவேலென்று வந்தது. பால் விட்டாள். பொன்!

பெண்கள் குரவை இட்டார்கள். சென்றியிலிருந்து இரண்டு ஆமிக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, சனம் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தவராசா அந்தக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். லொறியின் மூக்கில் கடுதாசியை வைத்து, குடிதண்ணீர் கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூரணி அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் பத்துக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு ஊருக்குள் இறங்கின. ஆவணி முடிவதற்குள் நாற்பத்திரண்டும் வந்துவிட்டன.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. முதல்தரத் தண்ணீர். அறிக்கையில், நவீன கருவியின் உதவியோடு இடம் தெரிவுசெய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னுடைய பெயர் ஒரு மூலையிலாவது இருக்கிறதா பார் என்று கத்தினேன். அவள் சிரித்துவிட்டு, தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கோ என்றாள். எனக்கு அடங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் நிறுவனத்து வாகனம் எங்கள் படலையடியில் வந்து நின்றது. தவராசா ஒரு கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பைக்குள் ஐந்து போத்தில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. முதலாவது கிளிவெட்டி. மூதூர்ப் பக்கம் ஐந்து இடத்தில் குழாய்க் கிணறு போடப்போகிறார்களாம், கருவி காட்டியிருக்கிறதாம்.

"எண்டாலும் மிசி, நீங்கள் ஒருக்காக் குடிச்சுப் பாத்துச் சொன்னால்தான் நான் லொறியை இறக்குவன்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். பூரணி கிளிவெட்டிப் போத்திலின் மூடியைத் திறந்து மணந்தாள். இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதைத் திறக்கவே இல்லை.

"தம்பி, இது சாராயம் இருந்த போத்தில். மற்றது மண்ணெண்ணெய். இதுகளில தண்ணி என்னத்தைக் காட்டும்? புதுப் போத்திலை வெந்நீர் விட்டுக் கழுவி, உங்கட கையாலேயே அள்ளிக்கொண்டு வாங்கோ. நான் அடுப்பை மூட்டி வைக்கிறன்."

படித்த பொறியியலாளர், கருவி வைத்திருக்கிறவர், ஓம் மிசி என்று ஐந்து போத்திலையும் திரும்பப் பைக்குள் அடுக்கினார். மூதூருக்குப் போகிற பத்தரை மணி லோஞ்சுப் படகைப் பிடிக்க இறங்குதுறைக்கு ஓடினார்.